சுவரில் ஏறிய முகங்கள்: சிம்மி நாக்ஸ் என்ற ஓவியரை முன்வைத்து



 மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் வரலாற்றுத் தகவல்களோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

நம்முடைய கூட்டம் எதுவும் படமில்லாமல் தொடங்குவதில்லை. அம்பேத்கர் படம் இருக்கும். அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, மீனாம்பாள் படங்கள் இருக்கும். மாலை போடுகிறோம், முழக்கமிடுகிறோம். அந்தப் படத்தை வரைந்த கை யாருடையது என்று மட்டும் கேட்பதில்லை. ஆனால் அந்தப் படம் எங்கே மாட்டப்பட வேண்டும், எங்கே மாட்டப்படக் கூடாது என்பதற்காக இந்த நாட்டில் சண்டை நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு முகம் சுவரில் ஏறுவது இவ்வளவு பெரிய விவகாரம் என்றால், அந்த முகத்தை வரைகிறவரின் வேலை எப்படிப்பட்ட வேலை? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

இதற்காக நான் எடுத்துக்கொண்டிருப்பது சிம்மி நாக்ஸ் என்ற ஓவியரின் வாழ்க்கை. அமெரிக்கக் கறுப்பின ஓவியர். அந்த மக்களுக்கும் நமக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1873-இல் ஜோதிராவ் புலே தன்னுடைய 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946-இல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்கு நீக்ரோ மக்கள் கொடுத்த மனுவின் படி கிடைக்குமா என்று அதில் கேட்டிருந்தார். 1972-இல் பம்பாயில் நம் இளைஞர்கள் தொடங்கிய இயக்கத்துக்குத் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்ததும் அங்கிருந்து எடுத்துத்தான். ஆகவே ஒரு உறவுக்காரரின் கதையைக் கேட்பதுபோலக் கேளுங்கள்.

சிம்மி நாக்ஸ் 1935 ஆகஸ்ட் 18 அன்று அலபாமா மாநிலத்தின் ஆலிஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா தச்சர், இயந்திரங்கள் பழுதுபார்க்கும் வேலையும் செய்தவர். பெற்றோர் பிரிந்துவிட்டதால் சிறுவன் உறவினர்களிடம் வளர்ந்தான். அவர்கள் லெராய் என்ற ஊரில் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். அமெரிக்கத் தெற்கில் வாரச் சாகுபடி எப்படி நடந்தது என்று நான் விளக்கினால் நம் தஞ்சைப் பகுதித் தோழர்களுக்குப் புதிதாக இருக்காது. நிலம் வெள்ளையருடையது. விதையும் உரமும் உழவு மாடும் அவர் கொடுத்த கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கடன்தான் மிச்சம். கணக்கு நோட்டும் அவர் கையில். அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. அடிமையாக இருந்தவரின் பேரப்பிள்ளைகளை அதே நிலத்தில் கட்டிப்போட்டது இந்த முறை.

பிறகு மொபீல் நகரத்தில் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே பேஸ்பால் விளையாடினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஹாங்க் ஆரன் அப்போது உடன் விளையாடிய பையன். 13 வயதில் பந்து கண்ணில் பட்டு அடி விழுந்தது. அவர் படித்த கத்தோலிக்கப் பள்ளியின் கன்னியாஸ்திரிகள், கண்ணுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று படம் வரையச் சொன்னார்கள். பையனுக்குக் கை இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். ஆனால் கறுப்பர் பள்ளியில் ஓவிய ஆசிரியர் கிடையாது. ஊரில் தபால் துறையில் வேலை பார்த்த ஒருவரைப் பிடித்து அவருக்கு வரையச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். ஒரு பெரிய ஓவியரின் முதல் ஆசிரியர் தபால்காரர். நம் கிராமங்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு தபால்காரரோ, பெயர்ப் பலகை எழுதும் அண்ணனோ ஆசிரியராக இருந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

1956-இல் மொபீல் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்தார். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவேன். பள்ளிகளில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரௌன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது 1954-இல். தீர்ப்பு வந்து இரண்டு ஆண்டு கழித்தும் இவர் படித்து வெளியே வந்தது கறுப்பருக்கென ஒதுக்கிய பள்ளியிலிருந்துதான். தீர்ப்புக்கும் தெருவுக்கும் உள்ள தூரம் நமக்கும் தெரிந்ததே.

அதன் பிறகு இராணுவச் சேவை. நெசவாலை வேலை. டெலவேர் மாநிலக் கல்லூரியில் உயிரியல் படிப்பு. நுண்ணோக்கியில் பார்த்த நுண்ணுயிர்களை அவர் வரைந்த விதத்தைப் பார்த்துத்தான் ஓவியம் படிக்கச் சொல்லி ஊக்குவித்தார்கள். பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் டைலர் ஓவியப் பள்ளியில் சேர்ந்து 1970-இல் இளங்கலை, 1972-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். முதுகலை வாங்கும்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. தாமதமாக வந்தவர் என்று சொல்வார்கள். வழியில் எத்தனை கதவுகள் மூடியிருந்தன என்று பார்த்தால் அது தாமதமே இல்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்க ஓவிய உலகில் மதிப்பு அரூப ஓவியத்துக்குத்தான். நாக்ஸும் அரூப ஓவியம் வரைந்தார். 1971-இல் வாஷிங்டன் கார்கோரன் காட்சிக்கூடத்தில் அவருடைய படைப்புகள் காட்சிக்கு வந்தன. இளம் ஓவியருக்கு அது பெரிய இடம். அதே பாதையில் போயிருக்கலாம். அவர் போகவில்லை. மனித முகத்துக்குத் திரும்பினார். பழைய பாணி என்று கலை விமர்சகர்கள் ஒதுக்கி வைத்திருந்த உருவப்படத்துக்கு வந்தார்.

ஏன் என்ற கேள்விக்கு அவர் வரைந்த முதல் முக்கியமான உருவப்படத்திலிருந்து நாம் ஒரு பதிலை எடுத்துக்கொள்ளலாம். 1972 முதல் வாஷிங்டனில் ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் அவர் வேலை செய்தார். அந்த அருங்காட்சியகம் அப்போது இயங்கிய வீடு ஒரு காலத்தில் ஃப்ரெடெரிக் டக்ளஸ் வாழ்ந்த வீடு. 1976-இல் நாக்ஸ் வரைந்தது அந்த டக்ளஸின் உருவத்தை.

டக்ளஸ் அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெரும் பேச்சாளராக உயர்ந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்பட்ட மனிதர் அவர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சுமார் 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. ஆசைக்காக எடுத்துக்கொண்டதல்ல. 1849-இலேயே தன்னுடைய 'நார்த் ஸ்டார்' இதழில் அவர் ஒரு குற்றச்சாட்டை வைத்தார். வெள்ளை ஓவியர்கள் கறுப்பரை வரைந்தால் உதட்டையும் மூக்கையும் மிகைப்படுத்தாமல் வரைய அவர்களுக்கு முடிவதில்லை. மனதில் முன்பே ஒரு படம் இருக்கிறது, எதிரே உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு அதைத்தான் வரைகிறார்கள் என்பது அவருடைய வாதம். அதனால்தான் அவர் கேமரா முன்னால் போய் நின்றார். சிரிக்காமல், கண்ணை நேராக வைத்து நின்றார். சிரிக்கிற அடிமை என்பது அடிமை முதலாளிகளுக்குப் பிடித்த படம். அதை மறுத்தார்.

டக்ளஸ் வைத்த கோரிக்கை ஒரு நேர்மையான ஓவியர் வேண்டும் என்பது. ஏறக்குறைய 127 ஆண்டுகள் கழித்து, அலபாமாவில் வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பத்தில் வளர்ந்த ஒருவர் அவரை வரைந்தார். நாக்ஸின் தொழில் வாழ்க்கை முழுவதையும் அந்தக் கோரிக்கைக்கான பதிலாகவே நான் பார்க்கிறேன்.

தொழில் என்று சொன்னேன். உருவப்படம் வரைவது கலை மட்டுமல்ல, தொழில். யாராவது கேட்டு, காசு கொடுத்தால்தான் படம். வரையப்படுகிறவருக்கும் குடும்பத்துக்கும் படம் பிடிக்க வேண்டும். நாக்ஸ் ஆசிரியர் வேலையும் பார்த்தார். 1981 முதல் உருவப்படமே முழுநேரத் தொழில் என்று முடிவு செய்தார். 1986 வாக்கில் நகைச்சுவை நடிகர் பில் காஸ்பியின் ஆதரவு கிடைத்தது. அவர் தன் குடும்பத்தினர் படங்களைத் தொடர்ந்து வரையவைத்து, தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களிடமும் நாக்ஸின் பெயரைச் சொன்னார். அதே காஸ்பி 2018-இல் பாலியல் வன்முறை வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றதும், 2021-இல் நடைமுறைக் காரணத்தால் அந்தத் தீர்ப்பு ரத்தானதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதை மறைத்துவிட்டுப் பேசுவது சரியல்ல. புரவலரை நம்பி வாழும் கலையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. முகத்தை வரைய முடியும். அந்த மனிதரின் ஒழுக்கத்துக்கு ஓவியர் ஜாமீன் கொடுக்க முடியாது.

இனி அரசு மாளிகைகளின் சுவர்களுக்கு வருவோம். மூன்று படங்களைச் சொல்கிறேன்.

முதல் படம், நீதிபதி தர்குட் மார்ஷல். நாக்ஸ் 1989-இல் வரைந்தது. மார்ஷல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 1967-இல் பதவி ஏற்றவர். அதற்கு முன்னால் வழக்கறிஞராக இருந்து பிரௌன் வழக்கை வாதாடி வென்றவரும் அவரே. 1956 என்ற ஆண்டை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? பள்ளியில் தீண்டாமைக்கு எதிராக வாதாடியவரின் முகத்தை, அந்தத் தீண்டாமைப் பள்ளியில் படித்த மாணவர் வரைந்தார். ஓவியருக்கும் வரையப்பட்டவருக்கும் நடுவே இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் அமைவது அபூர்வம்.

இரண்டாவதாகச் சொல்வது இருவர் படங்களை. ஜோசப் ரெய்னி, பிளான்ச் புரூஸ். இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். ரெய்னியின் தந்தை முடிதிருத்தும் தொழிலில் சேர்த்த பணத்தில் குடும்பத்தின் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார். மகனும் அதே தொழில் செய்தவர். அவர்தான் 1870 டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் பதவி ஏற்ற முதல் கறுப்பர். புரூஸ் 1875-இல் மிசிசிப்பியிலிருந்து செனட் உறுப்பினராகி ஆறு ஆண்டு முழுப் பதவிக்காலமும் இருந்தவர். 1879-இல் செனட் அவையின் தலைமை இருக்கையில் உட்கார்ந்து அவையை நடத்தியவர். பிறகு கருவூலப் பதிவாளராகி, அவருடைய கையெழுத்து அமெரிக்கக் கரன்சி நோட்டில் அச்சானது.

இப்படி ஒரு காலம் இருந்தது என்பதே பிற்பாடு மறைக்கப்பட்டது. 1877-இல் மத்திய அரசின் படை தெற்கிலிருந்து விலகியது. வாக்குரிமையை எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி என்று பல வழிகளில் பறித்தார்கள். தூக்கிலிட்டுக் கொன்றார்கள். 1901-க்குப் பிறகு 1929 வரை பிரதிநிதிகள் அவையில் ஒரு கறுப்பர் கிடையாது. செனட்டில் புரூஸுக்குப் பிறகு அடுத்த கறுப்பர் நுழைந்தது 1967-இல். பாடப்புத்தகங்கள் அந்தப் பழைய உறுப்பினர்களைத் தகுதியில்லாதவர்கள், ஊழல்வாதிகள் என்று எழுதின. தகுதி என்ற சொல்லை வைத்து நடத்தும் விளையாட்டு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

நாக்ஸ் புரூஸின் படத்தை 2001-இல் செனட்டுக்காக வரைந்தார். ரெய்னியின் படம் 2005-இல் நாடாளுமன்றக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. எதிரே உட்காரவைத்து வரைய ஆள் இல்லை. இறந்து நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. எஞ்சியிருப்பவை கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். அவற்றை வைத்துக்கொண்டு தோலுக்கு நிறம் கொடுக்க வேண்டும், கண்ணுக்கு உயிர் கொடுக்க வேண்டும். தோலின் நிறம் என்பது சின்ன விஷயமல்ல. வண்ணப் புகைப்படம் வந்த பிறகும் கோடாக் நிறுவனம் வெள்ளைப் பெண்ணின் படத்தை அளவுகோலாக வைத்தே நிறத்தைச் சரிபார்க்கச் சொன்னது. அதில் கறுப்பு முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் நிழல்களாக விழுந்தன. நல்ல உருவப்பட ஓவியருக்குக் கறுப்பு என்பது ஒரே நிறமல்ல. அதில் சிவப்பு உண்டு, மஞ்சள் உண்டு, நீலம் உண்டு. நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. ஒருவரைத் தனி மனிதராகப் பார்ப்பவருக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

ரெய்னி பதவி ஏற்றதற்கும் படம் சுவரில் ஏறியதற்கும் நடுவே 135 ஆண்டுகள். இந்த இடைவெளியைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அவையில் இருந்தவரை இல்லாதவர் ஆக்குவதற்கு ஒரு சுலபமான வழி, அவர் முகத்தைச் சுவரில் இல்லாமல் செய்வது. படம் மாட்டுவது அலங்காரம் என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அது ஒரு பதிவேடு. யார் இங்கே இருந்தார், யார் இந்த நாட்டை நடத்தினார் என்பதற்கான சாட்சி.

மூன்றாவது படம், அதிபர் பில் கிளிண்டன். 2004 ஜூன் 14 அன்று வெள்ளை மாளிகையில் திறக்கப்பட்டது. வெள்ளை மாளிகையில் வைக்கும் அதிகாரப்பூர்வ அதிபர் படத்தை வரைந்த முதல் கறுப்பின ஓவியர் சிம்மி நாக்ஸ். ஹிலாரி கிளிண்டன் படத்தையும் அவரே வரைந்தார். அந்த மாளிகையைக் கட்டியதில் அடிமைகளின் உழைப்பு உண்டு. அதிபர்கள் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அந்தச் சுவருக்குக் கறுப்பினத் தூரிகை வர இருநூறு ஆண்டு ஆனது. 2018-இல் தேசிய உருவப்படக் காட்சிக்கூடத்துக்காக ஒபாமாவையும் மிஷெல் ஒபாமாவையும் கெஹிண்டே வைலி, ஏமி ஷெரால்ட் என்ற இரு கறுப்பின ஓவியர்கள் வரைந்தபோது உலகமே பேசியது. அதற்குப் பதினான்கு ஆண்டு முன்பே ஒருவர் சத்தமில்லாமல் அந்த வாசலைத் தாண்டியிருந்தார்.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்கலாம். 'கிளிண்டன் 1994-இல் கையெழுத்திட்ட குற்றச் சட்டம் கறுப்பின இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது என்கிறார்களே, அவரை அழகாக வரைந்து கொடுத்ததில் நமக்கு என்ன பெருமை?' நியாயமான கேள்விதான். முகம் சுவரில் ஏறிவிட்டால் விடுதலை வந்துவிட்டது என்று நானும் சொல்லவில்லை. இதைப் பற்றி நமக்கு முதலில் எச்சரிக்கை கொடுத்தவர் அம்பேத்கரே. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய அவையில் பேசும்போது, அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு வழி என்று சொன்னார். அவர் படத்துக்கே நாம் கற்பூரம் காட்டத் தொடங்கினால் அந்தப் பேச்சை மறந்துவிட்டோம் என்று பொருள்.

உருவப்படம் வேறு, சாமி படம் வேறு. சாமி படத்துக்கு வயது கிடையாது, களைப்பு கிடையாது. உருவப்படத்தில் உண்டு. நம் நாட்டுக் காலண்டர்களில் அம்பேத்கரின் முகத்தை ஆண்டுக்கு ஆண்டு சிவப்பாக்கி, சுருக்கங்களை அழித்து, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வைக்கிறார்கள். அதைச் செய்கிறவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். சர்க்கரை நோயிலும் கால் வலியிலும் இரவெல்லாம் உட்கார்ந்து சட்டம் எழுதிய மனிதரின் களைப்பை அழித்துவிட்டால், அவர் செய்த வேலையின் கனமும் அழிந்துபோகும். மனிதரை மனிதராக வரையுங்கள் என்ற பாடத்தை நாக்ஸிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நாட்டுச் சுவர்களை இப்போது பாருங்கள். அரசியல் நிர்ணய அவை கூடிய அதே நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அம்பேத்கரின் படம் திறக்கப்பட்டது 1990 ஏப்ரல் 12 அன்றுதான். வி.பி. சிங் பிரதமராக இருந்தபோது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து 40 ஆண்டு, அவர் மறைந்து 33 ஆண்டு கழிந்த பிறகு. அந்தப் படத்தை வரைந்தவர் ஜேபா அம்ரோஹவி என்ற பெண் ஓவியர். இந்த அரங்கில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? 2023 ஜூலையில், தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் படங்கள் தவிர வேறு படம் வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வழக்கறிஞர்கள் போராடினார்கள். பிறகு, அம்பேத்கர் படம் அகற்றப்படாது என்று சட்ட அமைச்சர் அறிவித்தார். சட்டத்தை எழுதியவரின் முகம் சட்டத்தின் வீட்டில் இருக்கலாமா என்பது 2023-இலும் ஒரு கேள்வியாக இருந்தது. ஊருக்குள் போனால் அவருடைய சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. கூண்டு யாருக்காக என்று கேட்க வேண்டியதில்லை.

கடைசியாக மாணவர்களிடம் மூன்று வேலைகளைக் கொடுக்க விரும்புகிறேன்.

ஒன்று, புகைப்படங்களைத் தேடுங்கள். ரெய்னிக்கும் புரூஸுக்கும் புகைப்படம் எஞ்சியிருந்ததால்தான் நாக்ஸால் வரைய முடிந்தது. நம் முன்னோடிகள் பலருக்கு ஒன்றிரண்டு படங்களே உள்ளன. பெண்களுக்கு அதுவும் குறைவு. பழைய வீடுகளின் பெட்டிகளில், மாநாட்டு மலர்களில், கோலார் தங்கவயல் குடும்பங்களில், பர்மாவுக்கும் இலங்கைக்கும் போய்த் திரும்பியவர்களின் வீடுகளில் கேளுங்கள். கிடைத்தால் பின்பக்கம் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள்.

இரண்டு, வரைந்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். சேரிச் சுவரிலும் கொடிமேடையிலும் அம்பேத்கரை வரைந்த கைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. பகலில் கடைப்பலகை எழுதி, இரவில் கூலி வாங்காமல் தலைவர் படம் வரைந்தவர்கள். ஃப்ளெக்ஸ் வந்து அவர்கள் பிழைப்பைப் பறித்துவிட்டது. பலர் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். உங்கள் ஊரில் உயிரோடு இருப்பவரைப் போய்ப் பாருங்கள். எந்த ஆண்டு, எந்தச் சுவர், யார் கேட்டு வரைந்தார், யார் வந்து அழித்தார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அது நம் இயக்கத்தின் வரலாறு.

மூன்று, நீங்களே வரையுங்கள். ஓவியக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளிடம், அடையாளத்தை விட்டுவிட்டு 'பொதுவான' கலைக்கு வா என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாக்ஸ் அந்தப் பொதுவான கலையைக் கற்றுத் தேறிவிட்டுத்தான் முகத்துக்குத் திரும்பினார். கைத்திறமை முழுவதையும் கற்றுக்கொள்ளுங்கள். யாரை வரைவது என்ற முடிவை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைச் சுவரில் மாட்டிய பிறகு ஆணி அடித்தவர் முதல் வரைந்தவர் வரை எல்லோரையும் மறந்துவிடுவது வழக்கம். அடுத்த முறை ஒரு தலைவர் படத்தின் முன்னால் நிற்கும்போது, கீழ் ஓரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் அந்தப் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். இல்லையென்றால் யாரென்று விசாரியுங்கள்.